பழைய காரின் சொக் அப்சோபரை மாற்றுதல்

1990ஆம் ஆண்டின் பின் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, மண்ணெண்ணெயில் ஓடிப் பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் ஆட்களை ஏற்றிச் சென்றவை பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களே. பூநகரியின் கிரவல் வீதிகளில் அத்தகைய காரை வைத்து உழைக்கும் குடும்பங்களுக்கு இப்பாடம் உதவும்.

பாரத்தைச் சொக் அப்சோபர் தாங்குகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. நெல்மூட்டை ஏற்றக் கார் பதிந்தால், பார்க்கவேண்டியது வில்லை. வில்லின் துள்ளலை அடக்குவதே சொக் அப்சோபரின் வேலை. அதனுள்ளே பிஸ்ரன், சிறு துவாரத்தினூடாக ஒயிலைத் தள்ளுகிறது. துள்ளும் வேகம் வெப்பமாகிக் கழிகிறது.

காரின் ஒரு மூலையை அமத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடினால் அது தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட கார் குழியில் விழுந்தெழும்போது சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பும். அந்நேரம் பிறேக் பிடித்தும் பயனில்லை.

மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் சொக் அப்சோபரின் கையே சில்லைத் தாங்கும் மேற்கையுமாகும். (எம்.ஜி.பி. என்னும் விளையாட்டுக் காரிலும் இதே ஏற்பாடுதான்!) ஆகையால் அதைச் சும்மா கழற்றலாகாது. பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி, சட்டத்தின் கீழ் உறுதியான தாங்கி கொடுத்துச் சில்லைக் கழற்றுங்கள். பின்னர் கீழ்க்கையின் வெளிமுனைக்கு ஜக் கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். முறுக்குக்கம்பியின் விசை முழுவதும் இப்போது ஜக்கில்தான். மேல்மூட்டு மீண்டும் பூட்டப்படும்வரை ஜக்கை இறக்கவே கூடாது. இறக்கினால் கை பாய்ந்து விழும், விரல் போகும். சில்லுத்தண்டைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். பிறேக் குழாயில் அது தொங்கக்கூடாது. இனி மேல்மூட்டையும் நான்கு போல்ட்டுகளையும் கழற்றலாம்.

புதியது தேடுமுன் மூடியைச் சுற்றித் துடைத்துத் திறந்து, உரிய ஒயிலை ஊற்றிக் கையை மேலும் கீழும் அசையுங்கள். காற்றுக் கழிந்தபின் அசைவு முழுவதும் ஒரேயளவு இறுக்கமாயிருந்தால் அதையே பூட்டலாம். இடையில் தளர்ந்தாலோ, தண்டடியில் ஒயில் கசிந்தாலோ மாற்றவேண்டும். பிறேக் ஒயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். மாற்றுவதாயின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். றபர் புஷ்களின் இறுதி இறுக்கம், கார் சில்லுகளில் நின்றபின்பே.

கொறோலா டீ.எக்ஸ். வாகன் போன்ற யப்பான் வாகனங்களின் முன்பக்கத்தில் சுருள்வில்லும் சொக் அப்சோபரும் ஒரே தூணாக இருக்கும். அதன் உச்சியிலுள்ள நடு நட்டை, வில்லை அமத்தும் கருவியின்றிக் கழற்றினால் வில் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். அக்கருவி இல்லையென்றால் கராஜுக்கே கொண்டுபோங்கள்.