எழுதாத ஏட்டுக்குச் சுழி இடலாமா?



தேர்வு என்பது ஆண்டுக்கு ஒரு முறை வருவது என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று ஒவ்வொரு பாடத்திலும் பருவம் முழுவதும் மதிப்பெண் சேர்ந்துகொண்டே வருகிறது. வகுப்புத் தேர்வுக்குச் சில, அசைன்மென்ட் என்று நாம் வழங்கும் ஒப்படைப்புக்குச் சில, செய்முறைக்குச் சில என்று பகுத்து இடுகிறார்கள். இம்முறை நல்லதே. தேர்வு நாளன்று காய்ச்சல் வந்தால் ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்பு வீணாகும் கொடுமையை இது பெரிதும் தடுக்கிறது. ஆயின், இதனோடு ஒரு சிக்கலும் பிறந்திருக்கிறது. ஒரு மாணவன் ஒப்படைப்பை எழுதித் தரவில்லை. ஆசிரியர் தம் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே எதை எழுதுவது?

சுழி எழுதுவதே பெரும்பாலோர் வழக்கம். நம் பேச்சில் அதற்கு முட்டை என்று பெயர். அவ்வாறு எழுதுவது முறைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இங்குப் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். இளநிலை மாணவர்களின் ஒப்படைப்புகளைத் திருத்துவதிலும் உதவி வருகிறேன். ஆகவே, எழுதுவோர் நியாயம், திருத்துவோர் நியாயம் இரண்டும் என் காதில் விழுகின்றன.

சுழி சொல்வது என்ன?

மதிப்பெண் என்பது ஓர் அளவு. தராசில் வைத்த பொருளுக்கு எடை கூறலாம். வைக்காத பொருளுக்கு எடை கூற இயலுமா? கடைக்காரர் ஒருவர், தாம் நிறுக்காத அரிசியைக் காட்டி, 'இதன் எடை சுழி' என்றால் நாம் நகைப்போம். 'இன்னும் நிறுக்கவில்லை' என்று கூறுவதே உண்மை.

விடைத்தாளில் எல்லா வினாவுக்கும் தவறாக விடை எழுதியவன் பெறும் சுழிக்குப் பொருள் உண்டு. இப்பாடத்தில் அவன் இன்னும் ஒன்றும் கற்கவில்லை என்பது அதன் பொருள். எழுதியே தராதவன் பெறும் சுழிக்கு அப்பொருள் இல்லை. அவன் பாடத்தை நன்கு அறிந்தவனாகவும் இருக்கலாம், அறியாதவனாகவும் இருக்கலாம். ஆசிரியருக்குத் தெரிந்த செய்தி ஒன்றுதான்: ஏடு வரவில்லை. வேறுபட்ட இரண்டு செய்திகளுக்கு ஒரே குறியை இட்டால், பிறகு அதைப் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

இந்த வேறுபாடு கல்வித் துறையினர் அறியாதது அன்று. பருவத் தேர்வுக்கு வராதவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கொரோனா நோயின் காரணமாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நடத்த இயலவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று கொண்டு மதிப்பெண் கணக்கிட்டார்கள். அனைவரும் தேர்ச்சி என்றும் அறிவித்தார்கள். ஆகஸ்டு 10ஆம் நாள் முடிவு வெளிவந்தபோது, பதிவு செய்திருந்த 9,45,077 பேரில் 9,39,829 பேருக்கே முடிவு இருந்தது. மீதி 5,248 பேர் எங்கே என்ற வினா எழுந்தது. அவர்களுள் 231 பேர் இறந்துவிட்டனர், 658 பேர் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றுவிட்டனர், 4,359 பேர் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு வராதவர்கள் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தந்தார்கள்.

ஒரே வெற்றிடத்துக்குப் பின்னால் எத்தனை காரணங்கள்! அந்த இடங்களில் எல்லாம் சுழியை இட்டு நிரப்பியிருந்தால், இறந்துபோன பிள்ளையும், ஊர் மாறிய பிள்ளையும், பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளையும் ஒன்றாகிவிடுவர். வெற்றிடமாக விட்டதால்தான் 'அவர்கள் எங்கே?' என்று கேட்க முடிந்தது. சுழி அக்கேள்வியை மூடிவிடும்.

ஒரு சுழியின் கனம்

இனிக் கணக்குக்கு வருவோம். நம் நகரத்துப் பொறியியல் கல்லூரிகள் பல விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. அதன் 2022ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒரு பாடத்தின் உள்மதிப்பீட்டுக்கு 50 மதிப்பெண். அதில் குறைந்தது 20 பெற்றாக வேண்டும். செய்முறை சேராத பாடங்களில் 25 மதிப்பெண்ணுக்கு இரண்டு தேர்வுகளும், அதே அளவில் இரண்டு ஒப்படைப்புகளும் வைத்து, மொத்தம் 100ஐ 50 ஆகச் சுருக்குகிறார்கள்.

முதல் மாணவன் இரண்டு தேர்வுகளிலும் 19 பெறுகிறான். ஒப்படைப்பு இரண்டையும் தரவில்லை, இரண்டு சுழி. மொத்தம் 38, சுருக்கினால் 19. தேர்வில் நூற்றுக்கு 76 பெற்றவன் எல்லையைத் தொடவில்லை. இரண்டாம் மாணவன் நான்கிலும் பத்துப் பத்துப் பெறுகிறான். மொத்தம் 40, சுருக்கினால் 20. அவன் எல்லையைத் தாண்டிவிட்டான். பாடத்தை நன்கு அறிந்தவன் கீழே, அரைகுறையாக அறிந்தவன் மேலே! முதல்வனின் அறிவு எங்கும் குறையவில்லை. இரண்டு சுழிகள் அவனைக் கீழே இழுத்துவிட்டன.

நான் அறிந்த மாணவர் ஒருவர் உண்டு. தமிழ்வழியில் படித்து, கிருட்டிணகிரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். அவர் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவர்தான். தந்தையார் நோயுற்று மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரமும் ஊருக்கும் இங்குமாக அலைந்தார். அப்போது இரண்டு ஒப்படைப்புகள் தவறின. அவர் படித்த கல்லூரியில் இரண்டுக்கும் சுழி விழுந்தது. பிறகு இரண்டையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினார். 'பதிவேடு மூடியாயிற்று' என்று கூறிவிட்டார்கள். மறு ஆண்டு அப்பாடத்தை மீண்டும் படித்தார். "அண்ணா, நான் எழுதியதை ஒருவரும் படித்துக்கூடப் பார்க்கவில்லையே" என்று அவர் என்னிடம் கூறினார். மதிப்பெண் போனதை விட அதுவே அவரை வாட்டியது. படிப்பை விட்டுவிடலாமா என்று ஒரு மாதம் தடுமாறினார். நல்லவேளை, விடவில்லை. விட்டுவிட்டவர்களும் இருப்பார்கள் அல்லவா?

ஆசிரியர் பக்கத்து நியாயம்

ஆனால் ஒரு பக்கத்தையே பேசுவது ஆராய்ச்சி ஆகாது. ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி இது: 'இரவெல்லாம் விழித்து எழுதித் தந்தவனுக்கும், ஊர் சுற்றிவிட்டு வந்தவனுக்கும் வேறுபாடு வேண்டாவா? சுழி இல்லை என்று தெரிந்தால் நாளை எவன் எழுதுவான்?' இது நியாயமான கேள்வி. அறுபது பேர் வகுப்பில் ஒவ்வொருவர் பின்னாலும் ஓடிக்கொண்டிருக்க ஆசிரியரால் இயலாது என்பதையும் நான் கண்கூடாகக் காண்கிறேன்.

கனடா நாட்டு எட்மன்டன் நகரில், ராஸ் ஷெப்பர்ட் உயர்நிலைப் பள்ளியில், லிண்டன் டார்வல் என்னும் இயற்பியல் ஆசிரியர் இருந்தார். எழுதித் தராத வேலைக்குச் சுழி இடலாகாது என்பது அப்பள்ளியின் விதி. அவரோ அவ்விதியை ஏற்காமல் சுழி இட்டார். 2012 மே மாதத்தில் அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் வேலையே போயிற்று. 2014இல் மேல்முறையீட்டை விசாரித்த குழு, அவரை நியாயமாக நடத்தவில்லை என்று முடிவு கூறியது. சுழி ஒழிக என்று ஒரு விதியை எழுதி ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டால் சிக்கல் தீராது என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்காவில் வேறொரு மருந்து கூறினார்கள். டக்ளஸ் ரீவ்ஸ் என்பார் 2004இல் சுழிக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். அங்குப் பல பள்ளிகளில் தேர்ச்சி எல்லை 60. அதற்கு மேல் பத்துப் பத்து எண்ணுக்கு ஒரு தரம். கீழே 60 எண் ஆழத்துக்குத் தோல்வி. ஆகவே ஒரு சுழி, மற்றத் தரங்களை விடப் பலமடங்கு கனமாகிவிடுகிறது. இதற்காகச் சில பள்ளிகள் 50க்குக் குறைந்து மதிப்பெண் இடுவதில்லை என்று வைத்துக்கொண்டன. இம்மருந்தை நாம் அப்படியே வாங்கிக் குடிக்க முடியாது. நம் தேர்ச்சி எல்லை 35, 40 என்ற அளவில் உள்ளது. இங்கு ஒன்றும் எழுதாதவனுக்கு 50 இட்டால் அவன் தேர்ச்சியே பெற்றுவிடுவான்! நிறுக்காத அரிசிக்குச் சுழி என்பது பொய் என்றால், அரை மூட்டை என்பதும் பொய்தானே?

நம்மிடமே உள்ள வழி

வழியைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. அறிவியல் படித்த ஒவ்வொருவரும் ரெகார்டு நோட்டை அறிவோம். எழுதி முடித்து ஆசிரியர் கையொப்பம் பெற்ற ரெகார்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் நுழைய முடியாது என்பது பல இடங்களில் நெடுநாள் வழக்கம். அங்கு ஆசிரியர் சுழி இட்டு மாணவனைக் கைகழுவி விடுவதில்லை. 'எழுதி முடித்துக்கொண்டு வா' என்கிறார். வேலையிலிருந்து தப்ப வழியில்லை. வேலையைச் செய்தவனுக்குக் கதவு மூடுவதும் இல்லை. இதுவே சரியான தண்டனை என்பது என் கருத்து. எழுதாததற்குத் தண்டனை எழுதுவதுதான்.

இதிலும் ஒரு குறை உண்டு. கடைசி இரவில் விடுதி முழுவதும் விளக்கெரிய, ஒருவன் ரெகார்டைப் பத்துப் பேர் பார்த்து எழுதுவதை நாம் அறியாதவர்கள் அல்லோம். அதற்கு மாற்று, கல்லூரியிலேயே அமர்ந்து எழுத வைப்பதும், எழுதியதில் இரண்டு வினாக்களை நேரில் கேட்பதும் ஆகும்.

இவற்றை எல்லாம் கருதி நான் கூறும் முறை இது. ஏடு வராத இடத்தில் முதலில் 'வரவில்லை' என்று குறிக்கட்டும். காரணத்தை ஒரு முறையேனும் கேட்கட்டும். இரண்டு வாரத்துக்குள், குறித்த ஒரு மாலையில், கல்லூரி அறையில் அமர்ந்து அதை எழுதித் தரச் சொல்லட்டும். தக்க காரணம் இன்றித் தாமதித்தவனுக்குச் சிறிது மதிப்பெண் குறையட்டும். நாளில் தந்தவன் உழைப்புக்கு அதுவே மரியாதை. அதற்கும் வராதவனுக்குப் பருவ முடிவில் சுழி இடலாம். அப்போது அந்தச் சுழிக்குப் பொருள் உண்டு: கதவு திறந்திருந்தும் அவன் வரவில்லை. இந்த மாலை நேரப் பணியில் ஆராய்ச்சி மாணவர்கள் பங்கு கொண்டால் ஆசிரியர் சுமையும் குறையும்.

நமக்கும் கடமை உண்டு. தாமதமாகும் என்று தெரிந்தால் கெடு நாளுக்கு முன்பே ஆசிரியரிடம் கூற வேண்டும். கெடு கடந்த பின் கூறும் காரணம் சாக்காகவே தோன்றும். மற்றொன்று, ஏடு தராத எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். தமிழ்வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவர் சிலர், வினா ஆங்கிலத்தில் என்ன கேட்கிறது என்பது விளங்காமல், கேட்கவும் கூசி, ஏட்டை வெறுமையாக வைத்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வேண்டுவது அரைமணி நேரம் உடன் அமர்ந்து விளக்கும் ஓர் அண்ணனோ அக்காவோதான். நம் சங்கத்தில் மூத்த மாணவர் ஒவ்வொருவரும் இந்தப் பருவத்தில் இளையவர் ஒருவரை அழைத்து, "எந்த ஏடு பாக்கி?" என்று கேட்போமானால், பதிவேட்டில் பல சுழிகள் விழாமலே போகும். அவ்வளவு செய்ய எந்தப் பல்கலைக்கழக விதியும் மாறத் தேவையில்லை.