நின்ற நிலையில் எம்.ஆர்.ஐ.: இடுப்புத் தளத்தை அறியும் வழி

காலையில் தெரியாத தொல்லை, மாலையில் அடிவயிற்றுக் கனமாகவும், கீழே ஏதோ இறங்கி நிற்பது போன்ற உணர்வாகவும் வெளிப்படுவதாகப் பெண்கள் பலர் கூறுகின்றனர். படுத்தவுடன் அது தணிந்துவிடுகிறது. ஆகவே, படுத்த நிலையில் எடுக்கப்படும் ஸ்கேனில் குறை சிறியதாகத் தோன்றலாம், தென்படாமலும் போகலாம். அதனால் அவர்கள் கூறுவது பொய்யாகிவிடாது.

இடுப்புத் தளம் என்பது, முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்புவரை தொட்டில் போலப் பரந்துள்ள தசைகளும் திசுக்களும் ஆகும். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றை இது தாங்குகிறது. பிரசவம், மூப்பு, உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றால் இது தளரக்கூடும். நிற்கும்போது உறுப்புகளின் எடையும் வயிற்றின் அழுத்தமும் இதன்மீது இறங்குவதால், தளர்ச்சி அப்போதே நன்கு புலப்படுகிறது.

வழக்கமான எம்.ஆர்.ஐ. கருவி குழாய் வடிவிலானது. அதனுள் படுக்கவே இயலும். நிமிர்நிலைக் கருவியில் காந்தங்களுக்கிடையே உள்ள திறந்த வெளியில் நிற்கலாம், அமரலாம். ஓய்வாக இருக்கும்போதும், தசைகளை இறுக்கும்போதும், முக்கும்போதும் படங்கள் எடுக்கப்படும். பூப்பெலும்பின் கீழ் விளிம்பிலிருந்து வால் எலும்பின் கடைசி மூட்டுவரை ஒரு கோடு வரைந்து, அதற்குக் கீழே உறுப்புகள் எவ்வளவு இறங்குகின்றன என்பதை அளக்கிறோம். 3 செ.மீ. வரை இலேசானது, 3 முதல் 6 செ.மீ. வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்பது வழக்கிலுள்ள அளவுகோல். இது படுத்த நிலைப் படங்களுக்குப் பழகிய அளவுகோல். நின்ற நிலையில் இறக்கம் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். எனவே எண்ணை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம்.

இம்முறையில் எக்ஸ்-ரே கதிர்வீச்சு இல்லை. ஆயினும், வழக்கமான கருவிகளின் காந்த வலிமை 1.5 அல்லது 3 டெஸ்லா. நிமிர்நிலைக் கருவியினுடையது ஏறத்தாழ 0.5 டெஸ்லா மட்டுமே. ஆகையால் படத்தின் தெளிவு குறைவு. இக்கருவி சில இடங்களில் மட்டுமே உள்ளது. அது கிடைக்காவிடில், நிற்க வைத்து முக்கச் சொல்லி மருத்துவர் செய்யும் நேரடிப் பரிசோதனையும், அமர்ந்த நிலையில் மலங்கழிக்கும்போது எடுக்கப்படும் எக்ஸ்-ரே படமும் பெரிதும் உதவும்.

பேஸ்மேக்கர், உடலினுள் உலோகப் பொருள், கர்ப்பம், நிற்கும்போது மயக்கம் ஆகியவற்றுள் எது இருப்பினும் ஸ்கேனுக்கு முன்பே தெரிவியுங்கள்.

சிகிச்சையை முடிவு செய்வது படம் மட்டுமன்று. உங்கள் துன்பத்தின் அளவே முதன்மையானது. தொல்லை தராத இறக்கத்திற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. தசைப் பயிற்சியாலும், தாங்கு வளையத்தாலும் பலர் நலமடைகின்றனர்.

எனவே மருத்துவரிடம் வரும்போது மூன்றைக் குறித்து வாருங்கள்: தொல்லை எந்த நேரத்தில் மிகுகிறது, எந்த நிலையில் தணிகிறது, எந்த வேலையை நீங்கள் கைவிட நேர்ந்தது. கூச்சத்தால் நோயாளி சொல்லத் தயங்குவதை உடன் வருவோர் மெல்ல எடுத்துரைத்தால், அதுவும் பேருதவியாகும்.