உபின் கருங்கல்

புலாவ் உபின் தீவின் கருங்கல்லை உற்றுப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னுவது குவார்ட்ஸ். எஃகுக் கத்தியால் கீறினாலும் அதில் கோடு விழாது. தட்டையான முகங்களுடன் வெளிறித் தெரிவது ஃபெல்ட்ஸ்பார். கரும்புள்ளிகளில் கருமைக்காவும் உண்டு. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பாறைக்குழம்பு நிலத்தடியில் மெதுவாகக் குளிர்ந்தது. அதனால்தான் இம்மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன.

1851இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் உபின் கல்லால் ஆனது. ஆயினும், இத்தகைய கல்லும் மாறக்கூடியதே. மழைநீர் ஊறினால் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகும்; குவார்ட்ஸ் மணலாக எஞ்சும். புக்கிட் தீமாவில் நாம் மிதிக்கும் மண்ணும் ஒருகாலத்தில் கருங்கல்லே.

உபினின் கடைசிக் கல்குவாரி 1999இல் மூடப்பட்டது. குழிகளில் இன்று நீர் நிற்கிறது. எடுத்த கல்லோ மீண்டும் வளராது. அதனால், எஞ்சிய பாறைகளைக் காப்பது நம் கடமை.