பரணில் உறங்கும் கேமரா



வீடு மாறினால் முதலில் அடுப்படிச் சாமான்களைப் பிரிப்போம். பிறகு துணிமணி, பிள்ளைகளின் புத்தகங்கள். கேமராப் பெட்டி மட்டும் பரணுக்குப் போய்விடும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது ஓராண்டு, ஈராண்டு என்று நீண்டுவிடும். வெளியூர், வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு தென்காசிப் பக்கம் குடிவந்தவர்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவது எப்படி என்பதே இந்தப் பாடம்.

இடம் மாறிய அறிஞர்

ஒளியியல் மேதை இப்னுல் ஹைஸம் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தவர். நைல் நதி வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் திட்டம் கைகூடாததால், 1021-ல் கலீபா அல்ஹாகிம் மறையும் வரை அவர் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தார் என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவரது 7 பாகங்கள் கொண்ட நூல் உருவானது. இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி நேர்கோட்டில் புகுவதை அவர் சோதித்து விளக்கினார். நம் கேமராவுக்கு அடிப்படையும் அதுவே. புதிய ஊர், நான்கு சுவர், ஒரு துளை வெளிச்சம்: கற்பதற்கு அதுவே போதுமாக இருந்தது.

முதலில் கருவியைக் கவனியுங்கள்

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. தொடக்கத்திலேயே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் நீக்கிவிடலாம். நாள்பட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். குற்றாலச் சாரல் காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றவே வேண்டாம். ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவை வெளியே வந்ததும் திறக்காமல், பையிலேயே சற்று நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் நீர் பூத்துவிடும்.

ஐந்தருவியில் முதல் பயிற்சி

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் பருவம். ஃபஜ்ர் முடிந்து, நன்கு விடிந்ததும் செல்லுங்கள். கூட்டம் குறைவு, வெளிச்சமும் மென்மை. ஒரே இடத்தில் நின்று இரண்டு படங்கள் எடுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி என்றால் நீர்த்துளிகள் உறைந்து நிற்கும். 1/4 நொடி என்றால் அருவி வெண்பட்டாக வழியும். இதற்கு ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 11 அல்லது 16 வைத்து, கேமராவை முக்காலியிலோ கைப்பிடிச் சுவரிலோ அசையாமல் நிறுத்துங்கள். படம் முழுவதும் வெண்ணீர் நிறைந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். லென்ஸ் துடைக்க உலர்ந்த துணி அவசியம். குரங்குகள் உண்டு; பையைத் திறந்து வைக்காதீர்கள்.

எடுக்கக் கூடாத படம்

அருவியில் மக்கள் குளிக்கிறார்கள். ஈர உடையில் நிற்கும் பெண்களையும் குழந்தைகளையும் தெரிந்தோ தெரியாமலோ படமெடுப்பது அவர்களின் கண்ணியத்தைக் குலைப்பதாகும். கேமரா கையில் இருப்பது ஓர் அமானிதம். பாறையை, நீரை, மரங்களை எடுங்கள். மனிதரை எடுக்க அனுமதி கேளுங்கள். தவறிப் பதிந்திருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

உயிரை விடப் படம் பெரிதல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மலைமேல் பெய்திருக்கலாம். நீர் கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ முக்காலியை விட்டுவிட்டாவது வெளியேறுங்கள். காவலர் தடுத்தால் வாதாட வேண்டாம்.

இந்த வாரப் பயிற்சி

1. பெட்டியை இறக்கி, லென்ஸையும் பேட்டரியையும் சோதியுங்கள்.
2. புதிய வீட்டின் ஒரே ஜன்னலைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் படமெடுங்கள். ஒளி எப்படி மாறுகிறது என்று எழுதி வையுங்கள்.
3. வீட்டில் உள்ள மூத்தவரை, அவர் சம்மதத்துடன், அந்த ஜன்னலோரம் அமர்த்தி ஒரு படம் எடுத்து அச்சிட்டுக் கொடுங்கள்.

அருவி அடுத்த சாரலிலும் வரும். மூன்றாவது பயிற்சியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.