நீள்கொம்பு வண்டுகளின் பேரினப் பாகுபாடு

செங்கற்பட்டுப் பகுதியில் மாந்தோப்புகளும், மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரை மணலிற் சவுக்குத் தோப்புகளும் உள. இவ்விருவகை மரங்களையும் உள்ளிருந்து குடைந்து அழிப்பன சில வண்டுகளின் புழுக்களாம். அவை யாவற்றையும் 'துளைப்புழு' என ஒரே பெயரால் வழங்குதல் எளிது. ஆயின், எப்புழு எவ்வண்டினது என்று பகுத்தறியாதான் மரத்தைக் காத்தல் அரிது. அப்பகுப்பு எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

இவ்வண்டுகள் செராம்பிசிடே என்னும் குடும்பத்தைச் சார்ந்தன. உலகில் இக்குடும்பத்துச் சிற்றினங்கள் 30,000க்கு மேற்பட்டவை. இவற்றின் உணர்கொம்புகள் பெரும்பாலும் உடலின் நீளத்தை ஒத்தோ மிகுந்தோ இருக்கும். கண்கள் கொம்பின் அடியைச் சூழ்ந்து வளைந்திருக்கும். பாதம் நான்கு கணுக்களுடையதுபோல் தோன்றினும், நான்காவதான சிறு கணு ஒன்று மூன்றாங் கணுவின் பிளவில் மறைந்துள்ளது. தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் கொம்போ தலையினின்று எழுந்த முளையேயன்றி உணர்கொம்பன்று. ஆதலின் அது வேறு குடும்பத்ததாம்.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் நீள்கொம்பு வண்டுகள் பலவற்றைச் செராம்பிக்ஸ் என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். அவற்றுள் ஒன்று அமெரிக்க வெப்பநாடுகளில் வாழும் பன்னிற வண்டு. அதன் ஆணின் முன்கால்கள் உடலினும் நீண்டவை. 1806இல் இல்லிகர் என்பார் அதனை அக்ரோசினஸ் என்னும் தனிப்பேரினமாக்கினார். இன்றும் அப்பேரினத்துள் அஃதொன்றே உளது. நம் நாட்டு மாமரத்தைத் துளைக்கும் வண்டிற்கு 1775இல் டி கீர் பெயரிட்டபோது அதனையும் செராம்பிக்ஸ் என்றே குறித்தார். பின்னர் அது படோசெரா என்னும் பேரினத்திற் சேர்க்கப்பட்டது. அமெரிக்க வண்டும் நம் வண்டும் அத்திக் குடும்பத்து மரங்களை உண்பன. ஆயினும் பேரினத்தால் வேறு. எனவே, உணவு ஒன்றையே கொண்டு இனங்காணல் ஒவ்வாது. நிறமும் அளவும் அவ்வாறே ஏமாற்றுவன.

ஆதலின் அறிஞர் உறுப்பமைப்பையே முதன்மையாகக் கொள்வர். முகம் செங்குத்தாகக் கீழ்நோக்கியிருப்பதும், வாயருகுள்ள சிற்றுணரிகளின் நுனி கூர்மையாயிருப்பதும் லாமியினே என்னும் உட்குடும்பத்தின் அடையாளங்கள். முன்மார்பின் பக்கங்கள் கூரிய விளிம்புடையனவாயின் பிரியோனினே என்க. இக்காலத்தில் மரபணு ஆராய்ச்சியும் இப்பகுப்பிற்குத் துணைபுரிகின்றது.

மாவின் வண்டும் சவுக்கின் வண்டும் லாமியினேயைச் சார்ந்தனவே. இரண்டிற்கும் முன்மார்பின் இருபுறத்தும் முள் உண்டு. அவ்வொன்றை மட்டும் நோக்குவோன் இரண்டையும் ஒன்றெனக் கொள்வான். படோசெராவில் மேற்சிறகின் தோட்புறத்திலும் முள் உளது. உணர்கொம்பின் அடிப்புறமும் சிறு முட்களையுடையது. பப்ரீசியஸ் 1781இல் பெயரிட்ட சவுக்கு வண்டு செலோஸ்டெர்னா என்னும் வேறு பேரினம். அளவிற் சிறியது, மங்கிய நிறத்தது.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. படோசெராவின் புழு மாவின் அடிமரத்தையும் கிளைகளையும் துளைக்கும். துளையிற் கொக்கிக் கம்பியைச் செலுத்தி அதனை அகற்றலாம். செலோஸ்டெர்னாவின் புழுவோ இளமரத்தின் அடியிற் புகுந்து வேரை நோக்கி இறங்கும். மரத்தடியிற் குவியும் மரத்தூளே அதன் அடையாளம். இதனை உணராது கிளைகளையே தேடுவோன் வேர் அழிவதைக் காணான்.

கேஹன் என்பார் 1906இல் வெளியிட்ட இந்திய நீள்கொம்பு வண்டு நூல் மிகச் சிறந்தது. ஆயினும் அதில் லாமியினே இடம்பெறவில்லை. நம் தோப்பு வண்டுகள் இரண்டையும் அதிற் காணவியலாது. நூல் நின்றவிடத்திற் கண்ணும் கையும் தொடர்தல் வேண்டும். ஆகவே, மாணவர்காள்! வண்டொன்று கிடைப்பின், கிடைத்த ஊர், நாள், மரம் ஆகிய மூன்றையும் சீட்டிலெழுதி அதனுடன் வைம்மின். குறிப்பில்லாத வண்டு வெறும் அழகுப்பொருள். குறிப்புடைய வண்டே சான்றாகும்.