வீடு பார்க்கும் தொழில்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது முன்னோர் வாக்கு. பிறர் கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறையை எங்கள் குடும்பம் தன் சொந்தச் செலவில் தீர்த்து வைத்தது.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, அதுவரை வாடகை வீட்டில் தறி போட்டிருந்த அப்பா ஒரு பழைய ஓட்டு வீட்டை விலை பேசினார். அது சித்திரை மாதம். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. தரகர் ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார். அவர் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, “அண்ணே, இரும்பு மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க” என்றார். அப்பாவும் அவ்வாறே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். அம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

ஐப்பசி பிறந்தது. சுவரில் முழங்கால் உயரத்திற்கு ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்து கொட்டியது. தறிக்குழியில் நீர் ஊறியது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதித்தால்தான் எங்களுக்குச் சோறு. தறியில் பாதி நெய்திருந்த சேலையின் பாவு பூசணம் பிடித்தது. கூலியும் போயிற்று, பட்டுக்கு ஈடும் கட்ட நேர்ந்தது. விற்றவர் கையிலிருந்து மேஸ்திரிக்கு ஒரு தொகை போயிருந்த செய்தி பிறகுதான் எங்களுக்கு எட்டியது.

இதில் நான் கவனிக்க விரும்புவது ஒன்று. அந்த மேஸ்திரி வேலை தெரியாதவர் அல்லர். முப்பது ஆண்டு சுவர் எழுப்பியவருக்கு ஓதம் தெரியாதா? அவருக்குக் குறைவு இருந்தது அறிவில் அன்று. கூலி வந்த திசையில்தான் குறை.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் தனித் தொழில் ஒன்றே பிறந்துள்ளது. வீடு வாங்குவோர் தம் பணத்தில் ஒரு பரிசோதகரை அமர்த்துகின்றனர். அவர் கூரை முதல் கழிவுநீர்க் குழாய் வரை பார்த்து எழுத்தில் தருகிறார். அமெரிக்க வீட்டுப் பரிசோதகர் சங்கம் 1976-இல் தோன்றியது. அதன் ஒழுக்க விதிகளுள் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது: தாம் சோதித்த வீட்டின் பழுதுகளைப் பரிசோதகரே கூலி பெற்றுக்கொண்டு ஓராண்டு வரை சரிசெய்யக் கூடாது. பழுதைக் கண்டுபிடிப்பவருக்குப் பழுதால் வருமானம் வருமானால், இல்லாத பழுதும் தென்படத் தொடங்கிவிடும் அல்லவா?

நம் நாட்டில் இத்தொழிலுக்கெனத் தனி உரிமம் கிடையாது. பெருநகரங்களில் சிலர் செய்து வருகின்றனர். வங்கி கடன் தரும்போது வழக்கறிஞரையும் மதிப்பீட்டாளரையும் அனுப்புகிறதே என்று கேட்கலாம். வழக்கறிஞர் பார்ப்பது பத்திரத்தையும் வில்லங்கத்தையும். மதிப்பீட்டாளர் பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதை. இருவரும் வங்கியின் கவலையைச் சுமப்பவர்கள். தறிக்குழியில் நீர் ஊறுமா என்பது யாருடைய கவலையும் அன்று.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியக் குறையை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலே கண்டுகொள்ளக் கூடிய குறைக்கு இது பொருந்தாது. சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும் ஓதம் எந்த வகை என்று வழக்காடிக்கொண்டிருக்க நெசவாளிக்கு ஏது நேரம்? புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. பழைய ஓட்டு வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டுச் சேலை வாங்க வருபவர் சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்த்த பின்னரே பணத்தை எடுக்கிறார். அவரே பல லட்ச ரூபாய் வீட்டை அரை மணி நேரத்தில், அதுவும் செருப்பைக் கழற்றாமலே பார்த்து முடித்துவிடுகிறார்.

இனி, சுவரைச் சுரண்டிப் பார்க்கும் முறைக்கு வருவோம். முதலாண்டில் நாம் ஆய்வுக்கூடத்தில் நுண்புழை ஏற்றத்தை அளந்தோம். குழாயின் ஆரம் குறையக் குறைய நீர் உயர ஏறும். ஆரம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கானால் கணக்குப்படி சுமார் ஒன்றரை மீட்டர் ஏற வேண்டும். செங்கல்லும் சாந்தும் இத்தகைய நுண்துளைகளின் தொகுதியே. வழியில் நீர் ஆவியாகிவிடுவதால் சுவரில் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. ஆவியாகும் இடத்தில் உப்புத் தங்கிச் சாந்தைப் பொரியச் செய்கிறது. ஆகவே தரையிலிருந்து எழுந்து ஒரே மட்டத்தில் கோடிட்டது போல் நிற்கும் ஓதம் நிலத்து நீர். மேலிருந்து திட்டுத் திட்டாக இறங்குவது கூரை ஒழுக்கு. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு. கோடையில் வீடு பார்ப்பவர் அலமாரிக்குப் பின்னும் மாடிப்படிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் கீழ்ப் பாதிக்கு மட்டும் புதுப் பூச்சு இருந்தால் அங்கேதான் அமர்ந்து ஆராய வேண்டும். கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் நண்பர்கள் குனிந்து அடிவரிசையைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்த மணற்கல் கோயிலுக்கு அடியில் கருங்கல் வரிசை இருக்கிறது. பாரம் தாங்க வைத்தார்களோ, ஈரம் தடுக்க வைத்தார்களோ, மணற்கல்லைவிடக் கருங்கல்லில் நுண்துளை மிகக் குறைவு.

விரிசல் இன்னொரு பாடம். பூச்சில் வலை போல் ஓடும் மெல்லிய விரிசலைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது சாந்து காய்ந்து சுருங்கியதால் வருவது. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் சாய்வாக இறங்குவது அடித்தளம் ஒரு பக்கம் அமர்வதைக் காட்டலாம். தூணிலோ உத்தரத்திலோ கம்பியின் போக்கிலேயே நீண்டு, பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிட இரு மடங்குக்கு மேல் இடம் கேட்பதால் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். இவற்றைக் காணத் தேவையான கருவிகள் டார்ச் விளக்கு, தூக்குக்குண்டு, ரசமட்டம், சிறு சுத்தியல், டெஸ்டர், ஏணி ஆகியவையே. “பொம்பளைப் பிள்ளை ஏணியில் ஏறுவதா?” என்ற கேள்வி எங்கள் தெருவில் ஏற்கெனவே எழுந்துவிட்டது. ஏணிக்கு ஆட்சேபணை இல்லை.

இத்தொழிலின் எல்லையையும் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 28 அன்று, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மவுலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். பக்கத்திலிருந்த அதன் இணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். டார்ச் விளக்குடன் போகும் பரிசோதகர் இத்தகைய ஆபத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். மண் பரிசோதனையும் கட்டமைப்புக் கணக்கும் பொறியாளருக்கு உரியவை. கட்டடம் உறுதியானது என்று சான்று தர இளம் அறிவியல் பட்டம் போதாது. எனவே பட்டம் பெற்றதும் ஒரு கட்டடப் பொறியாளரிடம் சில ஆண்டு உதவியாளாக இருந்து பழக எண்ணியுள்ளேன். பிறகு தனியே தொடங்கும்போது கட்டணத்தை வாங்குபவரிடம் மட்டும், வீட்டின் விலையோடு தொடர்பில்லாத ஒரே தொகையாகப் பெற வேண்டும். வியாபாரம் முடிந்தாலும் முறிந்தாலும் அது மாறக் கூடாது. தரகருக்குப் பங்கு கிடையாது. பூட்டியிருந்த அறை, ஏற முடியாத கூரை என்று பார்க்காதவற்றையும் அறிக்கையில் எழுதிவிட வேண்டும். தரகர் பகையானால் வேலை எப்படி வரும் என்று அப்பா கேட்டார். அதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை.

சென்ற கார்த்திகையில் அத்தை தாம் குடியிருக்கும் வாடகை வீட்டையே வாங்கிக்கொள்ளும் எண்ணத்தில் என்னை அழைத்தார். கூடத்துச் சன்னல் மூலையில் சாய்வு விரிசல் ஒன்று இருந்தது. “வாங்கலாமா வேணாமா, அதைச் சொல்லும்மா” என்றார். “அதை நான் சொல்லக் கூடாது அத்தை. இந்த விரிசல் நின்னுடுச்சா, இன்னும் ஓடுதான்னு முதல்ல தெரியணும். ரெண்டு மாசம் பொறுங்க” என்றேன். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட்டால் ஒட்டித் தேதியையும் எழுதி வைத்தேன். வேறு ஆள் கேட்கிறார் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தியும் அத்தை பொறுத்தார்.

பொங்கல் விடுமுறையில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது. அத்தையிடம் காட்டிவிட்டு, அன்றைய தேதியையும் பக்கத்தில் எழுதினேன். இப்போது அவர் வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிறன்று அடுத்த தெருவில் ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். ஏணிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.