மேல் கையும் கீழ்க் கையும்

செலவிடும் கை மேல் கை, கேட்கும் கை கீழ்க் கை. மேல் கையே சிறந்தது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. எத்தனையோ ஜும்ஆ பயான்களில் இதை நாம் கேட்டிருக்கிறோம். இதில் எனக்குரிய பாடத்தை, கையில் ஒன்றுமில்லாத ஒரு மூதாட்டியிடம்தான் நான் படித்தேன்.

பங்களாதேஷின் தென்கோடியில் இருக்கிறது காக்ஸ் பஜார் மாவட்டம். நாஃப் நதிக்கு அக்கரையில் மியான்மர் நாட்டின் அரக்கான் பகுதி. 2017 ஆகஸ்ட் 25ஆம் தேதிக்குப் பின் அங்கு மூண்ட இராணுவ வன்முறைக்கு அஞ்சி, சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா முஸ்லிம்கள் இக்கரை வந்து சேர்ந்தார்கள். குழந்தைகளைத் தோளிலும், வயோதிகர்களைத் தூளியிலும் சுமந்துகொண்டு சேற்றில் நடந்து வந்தார்கள்.

அவர்களை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் யார்? டெக்னாஃப், உக்கியா கிராமங்களின் மீனவர்கள், கூலிக்காரர்கள், சிறு விவசாயிகள். நிவாரண லாரிகள் வந்து சேருமுன்பே தங்கள் உலைச் சோற்றைப் பகிர்ந்தார்கள்; வீட்டு முற்றத்தில் படுக்க இடம் தந்தார்கள். பின்னர் கூலி குறைந்தது, விலைவாசி ஏறியது, காடு அழிந்தது. விருந்தோம்பலின் விலையை அந்த ஏழைகளே கொடுத்தார்கள். மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்ஸார்கள் ஏற்றதைத் திருமறையின் ஹஷ்ர் அத்தியாயம் ஒன்பதாம் வசனம் புகழ்கிறது. தங்களுக்கே தேவையிருந்தும் பிறரை முற்படுத்திய குணம் அது. ‘ஈஸார்’ என்பது அதன் பெயர்.

2018ஆம் ஆண்டு ஒரு மருத்துவக் குழுவுடன் தொண்டு செய்ய குதுப்பாலோங் முகாமுக்குச் சென்றிருந்தேன். குன்றுகள்தோறும் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய குடிசைகள். மருந்து கட்டிக் கொடுப்பது என் வேலை. வயிற்றுப்போக்கால் துவண்ட பேரனைத் தூக்கி வந்தார் ஒரு மூதாட்டி. உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் முறையைச் சொல்லி அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தான்.

நான்கு நாள் கழித்து அவர் எங்களைத் தம் குடிசைக்கு அழைத்தார். பாய் விரித்து, ஒரு தட்டில் சோறும், மேலே ஓர் அவித்த முட்டையும் வைத்தார். பங்கீட்டு அரிசியில் கொஞ்சத்தை விற்று அந்த முட்டையை வாங்கியிருந்தார். “வேண்டாம், நான் சாப்பிட்டுவிட்டேன், பேரனுக்குக் கொடுங்கள்” என்றேன். அவர் முகம் வாடியது. தட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த உக்கியா இளைஞர் சொன்னார்: “பாய், அவர் ஒரு வருஷமாகத் தினமும் வரிசையில் நின்று கை நீட்டுகிறார். இன்று ஒரு நாள் கொடுக்க விரும்பினார். நீங்கள் விடவில்லையே!”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மேல் கை என்றும் என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அந்தத் தாய்க்கும் மேல் கையின் நன்மையில் பங்கு உண்டு என்பது என் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் நானாகவே சென்று, “நேற்று நான் தவறு செய்துவிட்டேன், இன்று பசியோடு வந்திருக்கிறேன்” என்றேன். அவர் சிரித்தார். கருவாட்டுக் குழம்பும் ஒரு பிடி சோறும் தந்தார். சாப்பிட்டபின் வெற்றிலையும் மடித்துக் கொடுத்தார். போகும்போது பேரனுக்கென்று கொஞ்சம் பழங்கள் கொண்டு போயிருந்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

2023ஆம் ஆண்டு நிதி பற்றாமல், மாதம் ஒருவருக்கு 12 டாலராக இருந்த உணவுப் பங்கை உலக உணவுத் திட்டம் மார்ச்சில் 10 டாலராகவும் ஜூனில் 8 டாலராகவும் குறைத்தது. 2024இல்தான் அது மீண்டும் உயர்ந்தது. அச்செய்தியைப் படித்தபோது அந்த ஒற்றை முட்டையின் மதிப்பு எனக்கு இன்னும் விளங்கியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள்:

1. தருமத்தின் தரம், கொடுத்தபின் கையில் மிஞ்சுவதைப் பொறுத்தது. இரண்டே திர்ஹம் உள்ளவர் ஒன்றைக் கொடுத்தால், பெருஞ்செல்வத்திலிருந்து எடுத்த ஒரு லட்சம் திர்ஹத்தையும் அது முந்திவிடும் என்ற கருத்தில் நஸயீயில் ஹதீஸ் உண்டு.

2. ஏழையின் அன்பளிப்பை ஏற்பதும் ஸுன்னத்து. ஆட்டின் காலொன்றுக்கு அழைத்தாலும் செல்வேன், அதையே அன்பளித்தாலும் ஏற்பேன் என்ற பொருளில் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. அன்பளிப்பை ஏற்று, பதிலுக்குத் தாமும் அளிப்பது அவர்களின் வழக்கம்.

3. ஏற்பதிலும் பக்குவம் வேண்டும். பிள்ளைகளின் பசியை மறந்து வயிறு முட்ட உண்பது முறையன்று. சிறிது உண்டு, மனம் நிறைய துஆச் செய்து, வேறொரு வழியில் திருப்பிச் செய்ய வேண்டும்.

இதற்காக நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒரு கட்டு முருங்கைக் கீரை கொண்டு வருவார். வறிய உறவினர் பெருநாளன்று ஒரு கிண்ணம் பாயசம் அனுப்புவார். அதை மூலையில் வைத்துவிடாதீர்கள். அவர் பார்க்க உண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஜகாத்தும் ஸதகாவும் கொடுக்கும்போது நாம் அவரை ஏழையாக மட்டுமே பார்க்கிறோம். அவர் தருவதை வாங்கும்போதுதான் அவர் நமக்குச் சகோதரர் ஆகிறார்.

கொடுக்கும் மனத்தையும், பணிவோடு பெறும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.